ஏணிக்கு எடை இல்லை எனக் கொள்க

சார்ஜா முவைலாவில்
பல்கலைக்கழகச் சாலைக்குப் பின்தெரு.
ஹம்சக்கோயாவின் நகலகம்.
கறுப்பு வெள்ளை கால் திர்ஹம், கலர் ஒன்று,
சுருள்கம்பி பைண்டிங் ஏழு.
கணக்குச் சொல்லிக் கொடுத்து நான் வாங்கும் பத்துக்கு மட்டும்
பலகையில் விலை இல்லை.

செமஸ்டர் முடிவில் எல்லாப் பாடங்களும்
ஒரே கண்ணாடிமேல் முகம் கவிழ்ந்து படுக்கின்றன.
மூடியின் விளிம்பில் கசியும் வெளிச்சத்தில்
நான் படித்தது அதிகம்.

பொருளாதாரம் சொல்கிறது:
மற்றவை மாறாதிருக்க.
எழுதியவர் ஒரு சம்பள நாளிலாவது
பணம் அனுப்பும் வரிசையில் நின்று
ரூபாயின் விலை ஏறட்டும் என்று
இரண்டு பேரை முன்னே விட்டிருக்க மாட்டார்.

கணக்குப் பதிவியலில் ஒரு லாரி.
பத்து வருடத்தில் தேய்ந்து பூஜ்யமாகிறது,
வருடா வருடம் சம அளவில்.
என் வலது முழங்கால் அப்படித் தேயவில்லை.
ஒரே மதியத்தில் மொத்தமும் தள்ளுபடி.

புள்ளியியல் ஃபைஸானுக்கு
ஒரே ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றது.
அழிச்சிடவா, என்றான்.
ஏன் விலகுச்சுன்னு பாரு, அப்புறம் அழி, என்றேன்.
இரவு பன்னிரண்டுக்குள் சமர்ப்பிக்க வேண்டுமாம்.
அழித்தான். கோடு அழகாக வந்தது.

வேதியியல் எனக்கு வராது. வராது என்று சொல்லிவிடுவேன்.
இயற்பியல் வரும்:
பி.எஸ்சி., இரண்டு அரியர்,
இரண்டுமே வெப்ப இயக்கவியல்.
நாற்பத்தெட்டு டிகிரியில்
ஆறு வருடம் சாரம் கட்டியவனுக்கு
அதில் இன்னும் என்ன பாக்கி என்று
தெரியவில்லை.

ஷைமா சூடான்காரி, சிவில் முதல் வருடம்.
நீட்டிய தாளில் ஏழாவது கணக்கு:

*ஆறு மீட்டர் ஏணி. சுவர் வழுவழுப்பானது.
ஏணிக்கு எடை இல்லை எனக் கொள்க.
தரையோடு கோணம் அறுபது, உராய்வுக் குணகம் 0.4.
எழுபத்திரண்டு கிலோ மனிதன்
எவ்வளவு தூரம் ஏறினால் ஏணி வழுக்கும்?*

வழுவழுப்பான சுவர் ஒன்றை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.
ஏணிக்கு எடை இல்லை என்றவர்
அதைத் தோளில் வைத்து
மூன்றாவது மாடிக்குப் போயிருக்க மாட்டார்.
இதையெல்லாம் சொல்லவில்லை. வெளியே நாலு பேர் நின்றார்கள்.
வீணான தாளின் பின்பக்கம் படம் மட்டும் போட்டுக் கொடுத்தேன்,
விசைக்கு ஒரு அம்பு வீதம்.

மீதியை அவளே போட்டாள், ஸ்டேப்ளர் பக்கத்தில் நின்றபடி.
பாதியில் பேனா நின்றது.
"எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகுதே.
அப்புறம் எழுபத்திரண்டு எதுக்கு?"
"குழப்பறதுக்கு," என்றேன்.
"அப்போ யார் ஏறினாலும் ஒண்ணுதானா?"
"கணக்குல ஒண்ணுதான்."

நாலு மீட்டர் பதினாறு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழ் கோடு கிழித்தாள், இரண்டு முறை.

அடுத்த வாரம் திருத்திய தாளோடு வந்தாள்.
பத்துக்கு ஒன்பது.
படத்தில் ஏணியின் காலடியில்
குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி
ஒரு குச்சி மனிதன்.
சுற்றிலும் சிவப்பு வட்டம்.
பக்கத்தில் பேராசிரியரின் கையெழுத்து:
*இது யார்? கேள்வியில் இல்லை.*

நான்தான் வரைந்திருக்கிறேன்.
கை பழக்கத்தில் வரைந்திருக்கிறது.
அவள் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள்,
தொப்பி உட்பட.

மன்னிப்புக் கேட்டேன். பத்து திர்ஹத்தை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை. "யாரு?" என்றாள் அவளும்.

தில்பகதூர். நேபாளி. ஏணி பிடிப்பது அவன் வேலை.
நான் ஏறிய எல்லா ஏணியையும் பிடித்திருக்கிறான்,
ஒரு மதியம் தவிர.
அன்று அவனை வேறு தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.
இந்த மாதிரி எதையோ சொன்னேன்,
பாதி ஆங்கிலம், பாதி இந்தி.

கேட்டுக்கொண்டே தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள்.
"ஒரு காப்பி. கலர்ல," என்றாள்.

சிவப்பு வட்டம் நன்றாக விழுந்திருந்தது.
ஒரு திர்ஹம்.
கோயா கல்லாவில் இருந்ததால்
வாங்கிப் போட வேண்டியதாயிற்று.