எழுபத்திரண்டைத் தாண்டினால்

ஆடுது என்றாள்.
இல்லை என்றேன்.
பாலத்தின் நடுவில் இருந்தோம்.
இடப்பக்கம் ஜெரெஜாக் தீவு,
மீட்டர் முள் எழுபத்திரண்டில்,
என் கையில் ஸ்டியரிங்
தூங்குகிறவன் தோள் மாதிரி
அசையாமல் இருந்தது.

எண்பத்தேழாம் வருடத்து வோல்வோ.
பெட்டி மாதிரி இருக்கிறது என்பார்கள்.
பெட்டிதான்.
தவணை முடிந்த அன்று
மழையில் நனைந்துகொண்டே அதைக் கழுவினேன்.
இரண்டு பிள்ளைகளையும்
பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், விமான நிலையம் என்று
அதில்தான் ஏற்றி ஏற்றி இறக்கினேன்.

நெஞ்சைத் திறந்து மூடியபின்
முன்னிருக்கை வேண்டாம் என்றார் டாக்டர்,
பெல்ட் தையலை அழுத்துமாம்.
அன்றிலிருந்து பூங்கோதை பின்னால்,
தலையணையை மார்போடு அணைத்தபடி,
டாக்சியில் போகிறவள் போல.
பிறையிலிருந்து தீவுக்கு, வாரம் ஒருமுறை, பயிற்சிக்கு.
எழுபத்திரண்டைத் தாண்டினால் சொல்வாள்.
ஒரே சொல்தான்.

வண்டியைக் குறை சொன்னால் எனக்கு ரோஷம் வரும்.
இருந்தாலும் ஜெலுத்தோங்கில் தியோவிடம் காட்டினேன்.
தனியாக ஓட்டிப் போய் வந்தான்.
ஒண்ணும் இல்ல லா.
சம்சுரி நான்கு டயரையும் பேலன்ஸ் செய்து
ஈயத் துண்டுகள் ஒட்டினான்.
வீல் பேரிங்.
என்ஜின் மவுண்டிங், நூற்றெண்பது வெள்ளி.
நானும் தனியாக, நள்ளிரவில்,
நியூட்ரலில் விட்டுக் காது கொடுத்தேன்.
வண்டி வாயைத் திறக்கவில்லை.

பயமாக இருக்கும் உனக்கு, என்றேன்.
ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித் தோன்றுமாம், என்றேன்.
யாரோ சொன்னதாகச் சொன்னேன்.
யாரும் சொல்லவில்லை.
அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து
மடியில் வைத்துக்கொண்டு
அதையே பார்த்தபடி வந்தாள்.
கண்ணாடியில் எனக்கு அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் மாதம், இனி ஓட்டலாம் என்றார் டாக்டர்.
ஆஸ்பத்திரி வாசலிலேயே சாவிக்குக் கை நீட்டினாள்.
'நீங்க பின்னால ஏறுங்க.'
சீட்டை முன்னால் இழுத்தாள்,
அது முனகிக்கொண்டே வந்தது.

பின்னிருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை.
அங்கிருந்து பார்த்தால்
வண்டி வேறு யாருடையதோ.
என் சீட்டின் முதுகில்
பிள்ளைகளின் பேனாக் கிறுக்கல்,
ஒரு பெருக்கல் கணக்கு, தப்பு விடையோடு.

பாலம். அறுபது.
இணைப்புகளில் டடக், டடக்.
அது பாலத்தின் சத்தம், எனக்குத் தெரியும்.
அறுபத்தெட்டு.
எழுபத்திரண்டு, என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

முதலில் தொடையில்.
பிறகு முதுகுத்தண்டில் ஏறிக்
கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது.
எனக்குத் தையல் இல்லை.
அவளுக்கு எலும்பைச் சேர்த்து ஆறு கம்பி.
இருபது வாரம், போகவும் வரவும்.
பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து
நெஞ்சோடு வைத்துப் பார்த்தேன்.
குறையவில்லை.

'ஆடுதா?'
ஆடுது.
'கேக்கல, பாலம் கத்துது.'
ஆடுது! என்று கத்தினேன்.

பின்னால் ஆள் ஏறினால்தான் என்று
முதலிலேயே சொல்லக்கூடாதா, என்று தியோ திட்டினான்.
யார் சொன்னார்கள், யார் கேட்கவில்லை என்று
அவனிடம் நான் விளக்கவில்லை.
தன் தம்பியையும் இரண்டு லாரி பேட்டரிகளையும்
பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.
இறங்கும்போது தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வண்டியின் வயிற்றில், நீளத் தண்டின் நடுவே
ஒரு ரப்பர் வளையம் கிழிந்திருந்தது.
பாரம் ஏறினால் தண்டின் கோணம் மாறுமாம்.
உள்ளங்கையில் அடங்கும் சாமான், எழுபது வெள்ளி.
ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தது.
பழையதைப் பூங்கோதை கேட்டு வாங்கிக்
கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அவளே ஓட்டினாள்.
முன்னால் இடம் இருந்தும்
நான் பின்னால் ஏறினேன்.
எழுபத்திரண்டு. எழுபத்தைந்து.
மடியில் போத்தல், மூடி திறந்து.
தண்ணீர் சும்மா கிடந்தது.

அப்போதுதான்
இடக்கதவுக்குள் ஏதோ சின்னதாக,
காசு ஒன்று விழுந்து உருள்வது போல.
சொல்லலாமா என்று யோசித்தேன்.

'அந்தக் கதவுதானே?' என்றாள் திரும்பாமல்.
'அது ரெண்டு வருஷமா இருக்கு.'