இடப்பக்கம் இழுக்குது

உச்சிப்புளி ரயில்வே கேட் தாண்டி
மூன்றாவது தகரக் கொட்டகை என்னுடையது.
மீன் வேன்களும் லாரிகளும் வருகிற இடத்தில்
முழங்கால் உயரம், மிளகாய்ப்பழச் சிவப்பு,
இரண்டே இருக்கையோடு வந்து நின்றது அது.

கீழக்கரை பல் டாக்டர் மிஸ்ரியா
ஒரு தாளை நீட்டினார்.
முன்சக்கரம், கேம்பர் மைனஸ் இரண்டரை.
டோ, வெளிப்பக்கமாய் இரண்டு மில்லிமீட்டர்.
பந்தயத் தடத்தில் இதை ஓட்டித் தள்ளிவிட்டு
விற்றுப்போனவன் எழுதிய கணக்கு.
"இதையே திரும்ப வச்சிருங்க ரோசாரி."

டயரைத் திருப்பிக் காட்டினேன்.
வெளிவிளிம்பு புதுசு. உள்விளிம்பில் கம்பி இளித்தது.
குனிந்தார்,
வாய்க்குள் பார்க்கிற அதே முகத்தோடு.
"எத்தனை நாளா இப்படி?" என்றார், டயரிடம்.

தடத்தில் வளைவு வந்துகொண்டே இருக்கும் டாக்டர்.
சாய்த்து வைத்த சக்கரம் அங்கே
வளைவில்தான் முழுப்பாதம் பதிக்கும்.
நீங்கள் எங்கே போகிறீர்கள்?
ராமநாதபுரம் கிளினிக்.
ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி.
நூல் பிடித்த தார்.
அதில் இந்தக் கணக்கை வைத்தால்
ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்திலும்
வண்டி மோப்பம் பிடித்துக்கொண்டு போகும், நாய் மாதிரி.

கம்ப்யூட்டர் மெஷினின் ஒரு கண்ணை
உப்புக்காற்று தின்று இரண்டு வருஷம்.
அதனால் தூண்டில் நரம்பு.
நாலு ஸ்டாண்டில் இழுத்துக் கட்டினேன்
வண்டியின் இரண்டு விலாவிலும்.

"உங்க எடை?"
ஆம்பளைகள் இதற்குப் பத்து கிலோ குறைப்பார்கள்.
"அறுபத்தொண்ணு."
டிரைவர் சீட்டில் வாலிநோக்கம் உப்பு, ஒரு மூட்டை.
மீதிப் பதினொன்றுக்கு வலையின் ஈயக்குண்டுகள்.
வண்டி அவரைச் சுமந்து நின்றது.
அவர் என் பக்கத்தில் நின்று
அது கொஞ்சமாய்த் தாழ்வதைப் பார்த்தார்.

கேம்பர் முன்னால் மைனஸ் ஒன்று.
பின்னால் ஒன்றேகால்.
முன் டோ பூஜ்யம். பின்சக்கரம் இரண்டும்
ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்க்கிற அளவுக்கு உள்ளே.
அரை மில்லிமீட்டர் என்றால் என்னவென்று
அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
நம் ரோடு நடுவில் முதுகு, ஓரத்தில் சரிவு.
இடப்பக்கம் இழுக்கும் என்று
வலச் சக்கரத்துக் காஸ்டரில் கால் டிகிரி குறைத்தேன்.
லாக்நட். இன்னொரு முறை லாக்நட்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

ஞாயிறு காலை, போன்.
"இடப்பக்கம் இழுக்குது ரோசாரி."
எந்த நட்டு என்று வயிறு கலங்கியது.
"எங்க நிக்கிறீங்க?"
"அரிச்சல்முனை."
"மெதுவாத் திரும்பி வாங்க."

கால்மணி நேரத்தில் மறுபடி.
"ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன்.
இப்ப வலப்பக்கம் இழுக்குதே!"

போகையில் இடம், வருகையில் வலம்.
எந்த நட்டும் அப்படித் தளராது.
ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தேன்.
தகரம் அடித்துக்கொண்டது. கொடியில் என் சட்டை
இரண்டு கையையும் வடகிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது.
ஆனி மாசம். கச்சான்.

ரோட்டின் சரிவை அளந்தவன்,
அவர் எடையைக் கிலோ பிசகாமல் அளந்தவன்,
அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதை
மறந்துபோனேன்.

"ரெண்டு தடவையும் பெண்கடல் பக்கந்தானே இழுத்துச்சு?"
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும்.
"ஆமா."
"கச்சான் தள்ளுது டாக்டர். மார்கழியில வாடை வரும்,
அப்ப ஆண்கடல் பக்கம் தள்ளும்.
அதுக்கு எங்கிட்ட திருகு இல்ல."
"ஐப்பசியில?"
ஐப்பசிக்கு என்னிடம் கணக்கும் இல்லை.
"ஸ்டீயரிங்ல கையை வச்சுக்கங்க."

சிரித்தார். வைக்கப் போனவர் நிறுத்தி,
"அப்புறம், சீட்டுக்கடியில
உங்க ஈயக்குண்டு ஒண்ணு கிடக்கு.
உருண்டுக்கிட்டே இருக்கு.
அது மட்டும்
போகையிலயும் வரையிலயும் இடப்பக்கந்தான்."