பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே

நூல் விலை ஏறி
கம்பெனி ஒரு வாரம் கதவடைத்த மே மாதத்தில்
ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால்
மூன்று வருஷமாகச் சாய்ந்து கிடந்த
டென்மார்க்காரரின் தூண்டிலை
எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஆர்டர் கேன்சலாகி
ஆள் திரும்பி வரவேயில்லை.
தூண்டில் மட்டும் பச்சைக் குழாய்க்குள்
நாலு துண்டாக,
போகச் சொல்ல மனசு வராத ஒறம்பரை போல.

கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனின் ஆம்னி வேன்.
ஓவர்லாக் ஜமீலாக்கா. நான் செக்கிங்.
நொய்யலில் போட்டால்
மீன் வராது, ஷேடு கார்டுதான் வரும் என்று
சென்னியப்பன் பாலத்திலேயே சிரித்தார்.
அவினாசி, அன்னூர், சிறுமுகை.
பவானி முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

புழு கிடையாது இதற்கு.
பூச்சி மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும்.
கருஞ்சேவல் இறகு இரண்டு,
மீந்துபோன ஓவர்லாக் நூல்,
செங்கல் நிறம், லாட் பதினாலு.
ஜமீலாக்கா ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுற்றிச் சுற்றி முடிந்தார்.
"கொசுவாட்டவும் இல்ல, ஈயாட்டவும் இல்ல.
மீனு என்ன சாம்பிள் அப்ரூவலா கேக்கப்போவுது?"

குழாய்க்குள் இருந்த தாளில் ஒரு கடிகாரப் படம்.
கோலை இரண்டு மணி வரை பின்னால் கொண்டு போய்
நிறுத்தி
பத்து மணிக்கு முன்னால் விட வேண்டும்.
எனக்கு அந்த நேரம் தெரியும்.
பத்துக்கு டீ. இரண்டுக்குள் நானூறு பீஸ்.
நடுவில் நிறுத்துவது என்பது
பன்னிரண்டு வருஷத்தில் இல்லை.

முதல் வீச்சு சென்னியப்பன் சட்டையில்.
இரண்டாவது நாணலில்.
பிறகு எண்ணவில்லை.
அக்கரையில் ஒரு பையன்
மைதா உருண்டையில் ஜிலேபி மீனாக இழுத்து
சிமெண்ட் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்,
எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி.

நாலரை மணி வெயில் சாய்ந்து
தண்ணீர் விரித்துப் போட்ட துணியானது.
வெள்ளை சிங்கிள் ஜெர்சி. லைட் கீழிருந்து வருகிறது.
கண் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது:
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
கறை இல்லை, கோடு இல்லை,
அந்தப் பாறைக்கு ஒரு முழம் இப்பால்
ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது.

ஓட்டை.
அங்கே போட்டேன்.

துணி கிழிந்தது.
நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.
ரீல் கத்தியது. நானும் கத்தியிருப்பேன்.
"விடாதே" என்றார் சென்னியப்பன்,
"விடு விடு" என்றார் ஜமீலாக்கா.
இரண்டையும் செய்தேன்.
அந்தப் பக்கம் இருப்பது ஒரு ஆள் போல
யோசித்தது, நின்றது, திரும்ப யோசித்தது.

அப்போதுதான் பையன் சாக்கைத் தோளில் போட்டு
எழுந்து கூவினான்:
"ஏனுங், பில்லூர்ல தண்ணி உட்டாச்சுங்! ஏறுங்!"
கணுக்காலில் இருந்த குளிர் முழங்காலுக்கு வந்தது.
மணல் கலைந்தது காலடியில்.
சென்னியப்பன் பாக்கெட்டில்
எப்போதும் இருக்கும் ட்ரிம்மிங் கத்தரி.
நான்தான் வாங்கி வெட்டினேன்.

மீனை நான் பார்க்கவே இல்லை.
கெண்டையா வேறெதுவா, தெரியாது.
உதட்டில் லாட் பதினாலோடு
எங்கோ மேலே போய்க்கொண்டிருக்கும்.
கொஞ்ச நாளில் ஊக்கு துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்று
தாளில் போட்டிருந்தது. அதை நம்பிக்கொண்டேன்.
பையனிடம் ஒன்றரைக் கிலோ ஜிலேபி வாங்கி
தானே பிடித்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டார்
சென்னியப்பன்.

திங்கட்கிழமை டேபிளில் வெளிர்நீலத் துணி.
முப்பதாவது பீஸில், தோளுக்குக் கீழே
ஓர் இழை விட்டுப்போயிருந்தது.
ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கை
முதலில்
பின்னால் போனது.