ஈரப்பதம்

கூட்டத்தன்று நான் விடுப்பு.
மறுநாள் வந்தபோது
நூலகப் பொறுப்பு என் பெயரில் இருந்தது.
பீரோ சாவி என் மேசையில் இருந்தது.

ஒன்பதாயிரம் ரூபாய்
கடைமடைத் தண்ணீர் போல
எங்கெங்கோ தேங்கி, மார்ச் இருபதுக்கு வந்து சேர்ந்தது.
முப்பத்தொன்றுக்குள் ரசீது வேண்டும்.
தலைமையாசிரியர் அற்புதராஜ் பட்டியல் தந்தார்:
நீதிக்கதை பத்து, பொது அறிவு பத்து,
மீதிக்கு, "கெட்டி அட்டையா பாருங்க சார்,
ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுல படணும்."

நான் கணக்கு வாத்தியார்.
நூறு பக்கம் நூறு ரூபாய் என்றால்
பக்கம் ஒரு ரூபாய் என்பதுவரை தெரியும்.
அதனால் ஏழாவது கனிஷ்காவையும்
ஆறாவது ஆசிக்கையும்
வீட்டில் கேட்டுக் கூட்டிக்கொண்டு
கொரடாச்சேரியில் திருவாரூர் பஸ் ஏறினேன்.

கனிஷ்கா எதையும் கடைசிப் பக்கத்தில்தான் திறந்தாள்.
"ஆகவே குழந்தைகளேன்னு முடியுது சார்."
மூடினாள். அடுத்தது. மூடினாள்.
கடைக்காரர் முகம் மாறிக்கொண்டிருந்தது.
பட்டியலின் முதல் பத்து அங்கேயே போனது.

ஆசிக் படம் மட்டும் பார்த்தான்.
ஒரு வயலில் நெடுநேரம் நின்றான்.
"நாத்து நடுறவங்க முன்னால நடந்து போறாங்க சார்,
நட்டதையே மிதிச்சிருவாங்களே."
அதுவும் போனது.

நான் எடுத்தது கடலடி அரண்மனை.
வழவழத் தாள், முந்நூற்று எண்பது ரூபாய்.
பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சா வாங்கிக்குங்க சார்"
என்றார்கள் இருவரும்.

எல்லாம் கூட்டிப் பார்த்ததில் நாற்பது ரூபாய் மிச்சம்.
கணக்கு நேராக வேண்டுமே என்று
கல்லாப் பக்கம் கிடந்த ஒன்றைச் சேர்த்தேன்:
பாம்பிடம் கடன் வாங்கிய தவளை.
கறுப்பு வெள்ளை. முப்பத்திரண்டு பக்கம். பின் அடித்தது.
கனிஷ்கா கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் ஆசிக்கிடம் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் உரக்கப் படித்தான்.
வட்டி கேட்டுப் பாம்பு வாசலில் சுருண்டு படுக்கும் இடத்தில்
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்.
ஒரு அம்மா கத்தினார், என் ஊரு போயிருச்சுப்பா, நிறுத்து.

கடல் அரண்மனை வீட்டுக்குப் போனது, வந்தது,
போனது, வந்தது.
ஒரு மடிப்பில்லை, ஒரு கைரேகை இல்லை.
தவளை போனது.
ரூபனிடம் என்றார்கள். ரூபன் அக்காவிடம் என்றான்.
அக்கா, "எங்க வீட்டுலதான் சார் எங்கயோ" என்றாள்.
"காணவில்லைன்னு எழுதி
நாற்பது ரூபாயை வசூல் பண்ணிருங்க" என்றார் அற்புதராஜ்.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

ஐப்பசி. ஒரு வாரமாக மழை.
கொள்முதல் நிலையத்தில் குறுவை மூட்டைகள்
எடை போடாமல் எட்டு நாளாகக் கிடக்கின்றன.
தார்ப்பாய்க்குள் செல்போன் வெளிச்சம் தெரிந்தது,
சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.

ரூபனின் அப்பா கோணி மேல் குந்தியிருந்தார்,
எழுத்துக் கூட்டி, விரல் வைத்து:
வட், டிக்கு, வட், டி.
சுற்றி ஏழெட்டுப் பேர். நெல்லுக்குக் காவல்.
"அப்புறம் கட்டுச்சா, இல்லியா?" என்றார் ஒருவர்
நிஜமான கவலையோடு.

அட்டை போய்விட்டிருந்தது.
யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ வெட்டி வைத்து
கோணி ஊசியால், சணலால் தைத்திருந்தார்கள்.
அவர் நெல்லைக் காலையில்தான் திருப்பியிருந்தார்கள்,
ஈரம் பதினேழுக்கு மேல் என்று.
அந்தக் கருவியைப் புத்தகத்தில் வைத்தால்
என்ன காட்டும் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்து
மடியில் துடைத்து நீட்டினார்.
இன்னும் ஆறு பக்கம் இருந்தது.
படிங்க, என்றேன். மூட்டையில் இடம் விட்டார்கள்.

மறுநாள் பதிவேட்டில் இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே
எழுதினேன்:
கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது.