இறங்கியது ஏறாது

பாயான் பாரு, பதினோராம் மாடி.
துணி காயும் மூங்கில் நுனியில் கட்டிய ஏரியல்
வானத்திலிருந்து எண்களைக் கறக்கிறது.

எல்லா எண்ணும் மெய்யல்ல.
மழை வாரம்; காற்றழுத்தம் ஆயிரத்தெட்டு.
ஓடுபாதையில் சக்கரம் ஊன்றி நிற்கும் விமானம்
நூற்றைம்பது அடி உயரத்தில் இருப்பதாய்ச் சாதிக்கிறது.
கழித்து, தரையில் வைக்கிறேன்.
மேடான் விமானம் பாலத்துக்கு மேலே
ஒரே ஒரு நொடி நாற்பதாயிரம் அடிக்குத் தாவுகிறது.
எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கும்.
அழித்தேன்.

அலுத்துப்போய் ஒரு விதி எழுதினேன்:
ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கியது ஏறாது.
ஏறினால் பொய்.

செவ்வாய் இரவு
இன்பவல்லி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
"தரை தெரிஞ்சிச்சு. மறுபடி மேல தூக்கிட்டான்.
பக்கத்து சீட்டு சீனத்தம்பி என் கையைப் புடிச்சிக்கிட்டான்."

திரையில் அவள் வந்த விமானம்
பிசிறில்லாமல் ஒரே கோடாய் இறங்கியிருந்தது.

விதியை எடுத்தேன்.
தள்ளிவிட்ட புள்ளிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின:
முன்னூற்றைம்பது,
அறுநூறு,
ஆயிரத்து இருநூறு.

மைலோ தம்ளரோடு பின்னால் வந்து நின்றாள்.
பள்ளத்தின் அடியில் விரல் வைத்தாள்.
"இங்க எவ்வளவு உயரம்?"

முன்னூற்றைம்பது என்றேன்,
அழுத்தத்தைக் கழிக்காமல்.