வரிசை எண் நாற்பத்தொன்று

டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
ஜெலுத்தோங் சாலையின் புகை
பெட்டிகளுக்குள்ளும் வந்து படிந்துவிடுகிறது.
சனிக்கிழமை மாலைகளில் திறப்போம்.
கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே நின்று
"இதெல்லாம் உங்களுக்கு ஆகுமா?" என்று கேட்பார்கள்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
பொருள், நாள், இடம், கொடுத்தவர்,
எதிர்ப்பின் வகை.
ஐந்தாவதில்தான் எல்லாரும் திக்குவது.

மங்கையற்கரசியும் திக்கினார்.
பாயான் லெப்பாஸ் கிலாங், எண்பத்தொன்று.
பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் எச்சரிக்கைக் கடிதம்:
'உணவறையில் இடம் மாற மறுத்தது.'
குழம்பு வாடை பிடிக்கவில்லையாம்,
மூலையில் தனி மேசை போட்டிருந்தார்களாம்.
"நான் ஒண்ணும் செய்யல தம்பி.
எந்திரிக்கல, அவ்வளவுதான்."

'எழுந்திருக்கவில்லை' என்று கட்டத்தில் எழுதினேன்.
படித்துவிட்டு, பேனாவை வாங்கி,
ஓரத்தில் இரண்டு பெயர் சேர்த்தார்:
தட்டோடு வந்து ஒட்டி உட்கார்ந்த ரொகாயா.
கிண்ணத்தை நீட்டி, கொஞ்சம் ஊற்று என்ற சியூ லான்.
மூன்று பேருக்கும் அந்த மாதம் ஓவர்டைம் கிடையாது.
கடிதத்தில் அது இல்லை.

அந்தச் சொல் வருகிற தாள்களும் உண்டு.
பள்ளிக் கழிப்பறைக் கதவின் படம்,
பேருந்து நடத்துநர் மேல் கொடுத்த புகாரின் நகல்.
அப்படியே எழுதுவதா, புள்ளி வைப்பதா என்று
மூன்று கூட்டம் நடந்தது.
பொருளாளர் வேதநாயகம்தான் மேசையைத் தட்டினார்:
"சொன்னவன் புள்ளி வச்சா சொன்னான்?"
எழுதினோம்.

பிறகு ஷஃபிகுல் வந்தார்,
சிமெண்டு காயாத காலணியோடு,
நான்காய் மடித்த ஓர் அட்டையோடு.
பிரித்தால், நம் எழுத்து.
'அறை வாடகைக்கு. பங்களா ஆட்களுக்கு இல்லை.'
அவருக்குப் படிக்கத் தெரியாது.
இரண்டு வாரம் அதன் கீழேயே நடந்து போயிருக்கிறார்,
யாரோ படித்துச் சொல்லும்வரை.

அட்டையின் அடியில் ஒரு தொலைபேசி எண்.
எனக்கு மனப்பாடமான எண்.
மாதக் கணக்குக் கேட்டு நான் கூப்பிடுகிற எண்.

"இது நம்ம தொகுப்புல வராதே," என்றார் ஒருவர்.
"நாம பட்டதைத்தானே சேக்கறோம்."
வேதநாயகம் ரசீதுப் புத்தகத்தை
மூடினார், திறந்தார், மூடினார்.
பிறகு படிகளில் அவர் இறங்கும் சத்தம்.
வெளியே மழை; குடை இங்கேயே சாய்ந்திருந்தது.

நாங்கள் எதையோ பேசிக்கொண்டிருக்கிறோம் என்று
ஷஃபிகுலுக்குப் புரிந்தது; எதை என்று கேட்கவில்லை.
ஐந்தாவது கட்டத்தை விரலால் காட்டினேன்.
இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து இழுத்து
"கோயாக்," என்றார்.

வகை: கிழித்தது.
கொடுத்தவர்: ஷஃபிகுல்.
இடம்: நான் குடியிருக்கும் தெரு.

மூலைகளில் ஒட்டுநாடாவை அப்படியே விட்டிருக்கிறோம்.
சுவரின் பச்சை கொஞ்சம் அதோடு பெயர்ந்து வந்திருக்கிறது.
அதையும் குறிக்க வேண்டுமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
போன தீபாவளிக்கு
அந்தச் சுவருக்குச் சாயம் அடிக்க
நானும் போயிருந்தேன்.