அறுபத்திரண்டு சுற்று

கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்:
குளிர் வரட்டும்.
ஐம்பது டிகிரியில் எவன் ஓடுவான்,
குளிர் வரட்டும்.
டிசம்பர் வந்தது.
கொடுத்த கடனைக் கேட்க வந்தவனைப் போல
மங்காஃபில் ஐந்தாம் மாடிக் கதவருகே
சத்தம் போடாமல் நின்றது.

எங்கள் அறையில் நான்கு கட்டில்.
அலாரம் அலற உரிமை கிடையாது.
போனைப் பனியனுக்குள் செருகிப் படுப்பேன்,
மூன்று ஐம்பதுக்கு நெஞ்சில் ஒரு வண்டு துடிக்கும்.
எது நேற்றைய சாக்ஸ் என்று
இருட்டில் முகர்ந்துதான் தெரியும்.
ஷூவை வராந்தாவில் போய்க் கட்டுவேன்.
லிஃப்ட் கண்ணாடியில் இருப்பவன்
இன்றைக்கு வேண்டாமே என்பான்.
அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.
ஐந்து மாடிதானே, கதவு திறந்துவிடும்.

கீழே ஹாரிஸ் ரமதான், எகிப்துக்காரர்.
கம்பளியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி
முதல் வாரம் ‘எங்கே தீ?’ என்றார்.
இரண்டாம் வாரம் ‘மஜ்னூன்’ என்றார்.
அப்புறம் ஒன்றும் சொல்வதில்லை,
கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்.

கடலோரம் ஏழு டிகிரி.
வாடை காதுக்குள் ஊசி போடுகிறது.
முதுகுளத்தூர்க்காரன் நான்,
என் மூச்சை நானே கண்ணால் பார்த்தது
இங்கேதான், முப்பத்து நாலு வயதில்.
அஹ்மதி பக்கம் ஆலையின் தீ
மூடுபனிக்குப் பின்னால் யாரோ பீடி இழுப்பதுபோல்
கனன்று அடங்கும்.
முதல் கிலோமீட்டரில் முழங்கால் திட்டும்.
இரண்டாவதில் முணுமுணுக்கும்.
நான்காவதில் அதற்கும் வேறு சோலி வந்துவிடும்.
ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.
அதற்குள் எட்டு கிலோமீட்டர், ஒரு வாளி வெந்நீர்,
நேற்றைய குழம்பில் இரண்டு குபூஸ்.

எதற்கு என்று கேட்கிறார்கள்.
பிப்ரவரி கடைசியில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம்,
ஐந்நூறாவதாக வந்தாலும் ஒரு பனியன் உண்டு என்பேன்.
அது முழு உண்மையில்லை.
விரல் வைத்து உள்ளே போய்
விரல் வைத்து வெளியே வருகிற நாளில்
எந்த மிஷினும் எண்ணாத ஒரு மணி நேரம்.
அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி பன்னிரண்டு, விடியும் முன்பே மழை.
இந்த ஊர்ச் சாலைக்கு மழையைக் குடிக்கத் தெரியாது.
சுரங்கப் பாதையெல்லாம் தொட்டி.
காலை போனது. ஓவர்டைமில் சாயங்காலமும் போனது.
ராத்திரி பத்தரைக்கு
கட்டிடத்தின் அடித்தளத்தில், கார்களுக்கு நடுவே இறங்கினேன்.
ஒரு சுற்று நூற்று முப்பது மீட்டர்.
எட்டு கிலோமீட்டருக்கு அறுபத்திரண்டு.

பக்கத்துக் கட்டில் சவரிராயன் எண்ண வந்தான்.
வந்ததே கேலிக்குத்தான்.
சிமெண்ட் தடுப்பில் உட்கார்ந்து
சுற்றுக்கு ஒரு பேரீச்சங்கொட்டையை
மடியிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றினான்.
அறுபத்திரண்டு கொட்டை எங்கே பிடித்தான்
என்று நான் கேட்கவில்லை.
தூண், பழுதான குழல்விளக்கு, ஈரச் சரிவு, மறுபடி தூண்.
நாற்பதைத் தாண்டி எங்கோ அவன் தூங்கிவிட்டான்,
பகல் முழுக்க சாரம் ஏறியவன்.
மடியில் மிச்சமிருந்த கொட்டைகள்
உருண்டு ஒரு நிசானுக்கு அடியில் போயின.

திடுக்கிட்டு விழித்தான்.
‘நாப்பத்தெட்டு. இல்ல, அம்பத்தொண்ணு.
அம்பத்தொண்ணுன்னே வச்சுக்குவோம்டா, குளிருது.’

கேமரா கூட அந்த மூலையில் இல்லை.
நின்றேன். வேர்வை முதுகில் ஆறத் தொடங்கியது.
நான் நாற்பத்து மூன்று என்றேன்.

அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.
சொல்லிவிட்டுக் குனிந்து
நிசானுக்கு அடியில் கையை விட்டுக்
கொட்டை பொறுக்கினான்.

மறுநாள் மூன்று ஐம்பது. வண்டு துடித்தது.
சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் கட்டிலில் போர்வை அசையாமல்
ஒரு குரல் மட்டும் வந்தது:
‘நாப்பத்து நாலு.’